கோழி உட்கார்ந்த மேஜை

ஆபீஸில் அவளுக்குச் சிக்கக்கா என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. யார் எழுதின புரோகிராம் எங்கே சிக்கிக்கொண்டாலும் "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவள் வருவாள், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள், திரையை மேலும் கீழும் உருட்டுவாள், இரண்டு தடவை "ம்" என்பாள். கொஞ்ச நேரத்தில் சிக்கின நூலின் நுனி அவள் கைக்கு வந்துவிடும். எழுந்து போகும்போது பெருமையாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதற்குப் பதிலாக, எழுதின ஆளின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவாள்.

டைல்ஸ் கடை ஒன்றின் மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஏசி சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி, ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், நடுவில் நாலைந்து மேஜைகள். பஸ் கம்பெனிகளுக்கு டிக்கெட் புரோகிராம் எழுதித் தருவது தொழில். அதில் சீட் ஒதுக்குகிற பகுதி இருக்கிறதே, அது அக்கா ஒருத்தியாக உட்கார்ந்து எழுதினது. யார் எங்கே உட்காரணும் என்று முடிவு செய்கிற இடம் அதுதான். புருஷன், பெண்டாட்டி, குழந்தை என்று வந்தால் பிரிக்காமல் உட்கார வைக்கும். தனியாக வருகிற பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடிக்கும். முட்டிவலிக்காரருக்குப் படிக்கட்டுப் பக்கமாக இடம் பார்க்கும். வயிற்றில் மகள் இருந்தபோது எழுத ஆரம்பித்தது, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. மகளைக்கூடப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள், அந்தப் பகுதியை மட்டும் இன்னொருத்தர் தொட விட மாட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இது நிஜமாகவே பொன்குஞ்சாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு ஆளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது ஒரு கோழி. மஞ்சள் நிற ரப்பர் கோழி, கழுத்து நீளம், வயிற்றை அமுக்கினால் தொண்டையை நெரித்த மாதிரி ஒரு சத்தம் போடும். அக்கா மகளுக்கென்று வாங்கினாள். மகள் அதைக் கண்டதும் பயந்து அலறி வீட்டையே இரண்டாக்கினதால் ஆபீசுக்குக் கொண்டு வந்துவிட்டாள். அங்கே அதற்கு ஒரு வேலை கிடைத்தது. எல்லாரும் எழுதுகிற புரோகிராமும் கடைசியில் ஒரே இடத்தில் போய்ச் சேரும். ஒருத்தர் தப்பாக எழுதிச் சேர்த்தாலும் மொத்தமும் படுத்துவிடும், மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும். அப்படிப் படுக்க வைத்த ஆளின் மேஜையில் கோழி வந்து உட்காரும். அடுத்தவர் படுக்க வைக்கிற வரைக்கும் அங்கிருந்து நகராது. கொண்டு வந்து வைக்கிறபோது ஒரு அமுக்கு அமுக்கணும், எல்லாரும் கை தட்டணும். அதிகம் எழுதுகிற கையில்தானே அதிகம் தப்பும் நடக்கும்? கோழி அதிக நாள் குடியிருந்தது அக்காவின் மேஜையில்தான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பெரியவர் கூப்பிட்டார். பெரியவர் என்றால் முதலாளி. வயசு அப்படியொன்றும் அதிகமில்லை, வயிறுதான் பெரிசு.

"இனிமே பிராஜெக்ட் மொத்தத்தையும் நீங்கதான் பாத்துக்கணும். யார் என்ன செய்யறாங்க, எப்போ முடியும், பஸ் கம்பெனிக்கு என்ன பதில் சொல்றது, எல்லாம்."

"அப்போ என் கோடிங்?"

"அதை யாரு விடச் சொன்னா? அதையும் பாருங்க. கைத்தொழிலை விடலாமா?"

இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் தலையில் கட்டுகிற சாமர்த்தியத்தைப் பாருங்கள். அவர் அதை மரியாதை செய்கிற மாதிரி கொடுத்தார், இவளும் மரியாதை மாதிரியே வாங்கிக்கொண்டு வந்தாள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் இதைச் சொன்னாலும் காதில் ஏறியிருக்காது.

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"பாத்து. அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதை ஆயிடப் போகுது."

"நான் உங்களை எங்க கைவிட்டேன்?"

"நான் என்னைச் சொல்லலடி. அந்தச் சீட்டு புரோகிராமைச் சொன்னேன். அதுதானே உன் மூத்த புருஷன்."

"ரெண்டையும் பாத்துப்பேன்" என்றாள் அக்கா. அதைச் சொன்னபோது அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது.

உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஓரத்துக் கண்ணாடித் தடுப்பு அறையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் வெளியே எல்லாரும் தெரிவார்கள், பேசுவது கேட்காது. அவர்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா உள்ளேயிருந்து எட்டி எட்டிப் பார்ப்பாள். எழுந்து போய் என்னவென்று கேட்பதற்குள் சிரிப்பு முடிந்து, எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒல்லி என்று ஒருவன், வாயாடி. முதல் நாள் இடுப்பை வளைத்து "வணக்கம் மேடம்" என்றான். அக்கா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் சொன்னான், பாதிப் பேர் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். போகப் போகக் கேலி கழன்று விழுந்துவிட்டது, மேடம் மட்டும் தங்கிவிட்டது. "என்னடா மேடம், வாயில அக்கா வராதா?" என்று கேட்க அவளுக்கும் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

இந்தப் புது வேலை என்றால் என்னவோ என்று நினைத்துவிட்டாள். இதுவரைக்கும் அவளுக்குத் தெரிந்த வேலை, காலையில் உட்கார்ந்தால் ஒன்றைப் பிடித்து முடிக்கிறது. இப்போது பிடிக்கிறதற்குள்ளேயே போன் அடித்தது. பஸ் கம்பெனிக்காரர் டிக்கெட்டில் எழுத்தைப் பெரிசாக்கணும் என்பார். பெரியவர் ஒரு கணக்கு கேட்பார். மீட்டிங் முடிந்தால் அடுத்த மீட்டிங்கை எப்போது வைக்கலாம் என்று பேச ஒரு மீட்டிங். மேஜைக்கு அடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே கையால் எழுதிப் பார்த்தாள். பாதி வரியில் "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று கேட்பார்கள். ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், அந்தப் பாதி வரியை எதற்காக எழுதினோம் என்பது மறந்து போயிருக்கும். கால் தானாக ஆடும். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து போய், குடிக்காமலே திரும்பி வந்து உட்காருவாள். ஆத்தில் ஒரு கால், சேத்தில் ஒரு கால்.

அந்த நேரம் பார்த்துப் பஸ் கம்பெனி புது மாதிரி வண்டி வாங்கியது. கீழே சீட், மேலே படுக்கை. அதற்குத் தகுந்தபடி சீட் ஒதுக்குகிற பகுதியை மாற்றி எழுதணும். வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஒட்டுச் சீட்டு, கீழே செய்கிறவர் பேர். இந்தச் சீட்டின் கீழே அக்கா தன் பேரை எழுதி ஒட்டினாள்.

பக்கத்தில் நின்றிருந்தாள் சுருட்டை. முடி சுருட்டை என்பதால் பேர் சுருட்டை. பேச்சு நேராகத்தான் இருக்கும்.

"மேடம், இதை நான் பாக்கட்டுமா? உங்களுக்கு ஏற்கனவே தலைக்கு மேல வேலை."

"வேண்டாம்மா. அது கொஞ்சம் சிக்கலான இடம். நான் பாத்துக்கறேன்."

"சிக்கல்னா கத்துக்கறேன்."

"அப்புறம் பாக்கலாம்" என்றாள் அக்கா. சுருட்டைக்கு, டிக்கெட்டில் எழுத்தைப் பெரிசாக்குகிற வேலையை எழுதி ஒட்டினாள்.

அதே வாரம் அக்கா ஒரு சட்டமும் போட்டாள். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பொது இடத்தில் சேரணும். நல்ல சட்டம்தான், குறை சொல்லக் கூடாது. வாயால் சொன்னால் யார் கேட்பார்கள் என்று கம்ப்யூட்டரிலேயே பூட்டும் போட்டுவிட்டாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

காலையில் எல்லாரும் பலகையைச் சுற்றி நின்றபடி, நேற்று என்ன முடிந்தது, இன்றைக்கு என்ன, எது தடையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவள் அக்கா. ஒல்லி சொல்வான், "டிக்கெட் அச்சடிக்கிறது தயார் மேடம். சீட்டு பகுதி வந்ததும் சேர்த்துப் பாக்கணும்." அடுத்தவரும் அதையே சொல்வார். எல்லாருடைய வேலையும் அந்த ஒரு சீட்டுக்காக வாசலில் நின்றது. அது யாருடைய சீட்டு என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஒருத்தர் கண்ணும் அந்தப் பக்கம் போகாது. கேள்வி கேட்கிற இடத்தில் அவள் நிற்கிறாள், அவளை யார் கேட்பார்கள்? "அது இன்னைக்கு முடிஞ்சிடும்" என்று அவளாகவே சொல்வாள். மறுநாளும் அதைச் சொல்வாள். தானும் படுக்காது, தள்ளியும் படுக்காது என்பார்களே, அப்படி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேல்படுக்கையில் குழந்தைகளை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். மகள் ஒரு படம் வரைந்து கொண்டு வந்து நீட்டினாள்.

"இதை அப்புறமா தனியா எடுத்துப் பேசலாம் கண்ணு" என்றாள் அக்கா, நிமிராமல்.

"எப்போன்னு நேரம் சொல்லு" என்றது பிள்ளை.

வீட்டுக்காரர் சிரிக்கப் போனவர், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"லிஃப்ட்டு மேல போனாலும் பரவாயில்ல, கீழ வந்தாலும் பரவாயில்ல. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா தான் உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும்."

"இந்த லிஃப்ட்டு உபதேசம் எல்லாம் எனக்கு இப்போ வேண்டாம்."

"உபதேசம் இல்லடி. நாங்களும் உள்ளதான் இருக்கோம்."

புது பஸ்ஸுக்கு எழுதினதைப் பஸ் கம்பெனி ஆபீசில் காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. அக்கா மட்டும் போனாள். முடிந்திருந்ததா என்றால், முடிகிற மாதிரி இருந்தது. வரவேற்பறை சோபாவில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிகளை எழுதினாள். பல நாளைக்கு அப்புறம் யாரும் கூப்பிடாத ஒரு அரைமணி நேரம். விரல் பழைய வேகத்தில் ஓடியது, மனசு குளிர்ந்து போனது. நான் இன்னும் எழுதுகிறவள்தான் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணே கலங்கியது. முடித்துப் பொது இடத்தில் சேர்க்கப் போனாள். பூட்டு தடுத்தது. இன்னொருத்தர் பார்க்கணுமாம். உள்ளே கூப்பிடுகிறார்கள், இப்போது யாரைப் பிடித்துக் காட்டுவது? சாவி கையில் இருந்தது. திறந்தாள், சேர்த்தாள், உள்ளே போனாள். வேலியே பயிரை மேய்ந்தது.

பஸ் கம்பெனி மேனேஜர் கண்டக்டராக இருந்து மேலே வந்தவர், தமாஷான மனிதர். சுற்றி அவர் ஆட்கள் சிலர்.

"முதல் டிக்கெட் எங்க மாமியார் பேர்ல போடுங்க. வயசானவங்க. முன்னாடியே வேணும்பாங்க" என்றார்.

அக்கா தட்டினாள். திரையில் பஸ்ஸின் படத்தில் ஒரு கட்டம் பச்சையானது. மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அம்மா, அது டிரைவர் சீட்டு."

நடந்தது இதுதான். நாமெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். கம்ப்யூட்டர்காரர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், அவர்கள் ஜாதகம் அப்படி. பழைய பஸ் படத்தில் பயணிகளின் சீட் மட்டும்தான் இருக்கும், பூஜ்யமாவது கட்டம் முதல் பயணிக்கு. புதுப் படத்தில் டிரைவர் சீட்டையும் ஒரு கட்டமாக வரைந்திருந்தார்கள். ஒன்று தள்ளி எண்ணியிருக்கணும். வேறு எவர் கண்ணில் காட்டியிருந்தாலும் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். அவசரத்தில் இருக்கிறவள் கண்ணுக்குத்தான் தெரியாமல் போனது.

"எங்க மாமியார் வீட்டை ஓட்டறாங்க, சரி. பஸ்ஸையும் அவங்க கையில குடுத்தா எப்படிம்மா?"

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்து வைத்தாள். மேனேஜர் விடவில்லை, பஸ்ஸை நிரப்பிப் பார்க்கச் சொன்னார். எல்லாரும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துகொண்டே வந்தார்கள். கடைசியாக ஒரு தாயும் மூன்று வயசுக் குழந்தையும். தாய் கீழே பின்சீட்டில், குழந்தை தனியாக மேல்படுக்கையில்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பிரிக்கவே பிரிக்காது என்று வருஷக்கணக்காக மார்தட்டிக்கொண்ட பகுதி, அவள் கையாலேயே தாயையும் பிள்ளையையும் பிரித்து உட்கார வைத்திருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்றார் மேனேஜர். தமாஷ் போய்விட்டது. "அப்பவும் இப்படின்னா நாங்க வேற ஆளுங்ககிட்ட போயிடறோம். தப்பா நினைக்காதீங்க."

அக்கா ஆபீசுக்குத் திரும்பி வருவதற்குள் செய்தி முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. படி ஏறும்போதே பெரியவர் சத்தம் கேட்டது. மேஜைகளுக்கு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யாரு செஞ்சது? டிரைவர் சீட்டுல மாமியாரை உக்கார வெச்சது எவன்?"

எல்லாரும் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒல்லி எழுந்தான். கோழி சில நாளாக அவன் மேஜையில்தான் இருந்தது.

"என்னோடதா இருக்கும் சார். காலையில நான் ஒண்ணு சேர்த்தேன்."

"அதானே பாத்தேன். வாய் பேசற அளவுக்கு வேலை செஞ்சா ஏன் இப்படி ஆகுது? இனிமே இந்த பிராஜெக்ட்ல நீ வேண்டாம்."

அக்கா தோளில் பையோடு வாசலில் நின்றாள். ஒல்லி சொன்னது பச்சைப் பொய் என்று அங்கே பெரியவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். யார் எதை எப்போது சேர்த்தார்கள் என்று திரையில் பேரோடு இருக்கிறது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவள் பேசாமல் நின்றாள். அப்போது மனசில் என்ன ஓடியது என்று கேட்டால், 'நல்லவேளை' என்றுதான் ஓடியது. பொய் சொல்வானேன். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது.

அப்போது கோழியைப் பார்த்தாள். அது யார் படுக்க வைத்தாலும் வரும். பெரியவர் மருமகன் கொஞ்ச நாள் வேலை பார்த்தபோது அவன் மேஜைக்கும் வந்தது. காலையிலிருந்து எல்லாமே படுத்துக் கிடந்திருக்கிறது, அவள் பேரைப் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் யாரும் கோழியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடி அறைக்குள் போகவில்லை. மேடம் மேஜையில் கோழியை வைக்க முடியுமா என்று விட்டுவிட்டார்கள். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நேராக ஒல்லி மேஜைக்குப் போய்க் கோழியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"சார், இது நான் செஞ்சது. நான் போட்ட பூட்டை நானே திறந்து, யாருக்கும் காட்டாம சேர்த்தேன். இவன் பொய் சொல்றான்."

பெரியவர் அவளையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அதுக்கு எதுக்குக் கோழியைத் தூக்கறீங்க?"

எதற்கென்று சொன்னாலும் அவருக்குப் புரியாது. "எல்லாருக்கும் ஒரே வார்த்தை. திங்கக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அக்கா கண்ணாடி அறைக்குள் போய், கதவை மூடாமலே கோழியைத் தன் மேஜையில் வைத்து, ஒரு அமுக்கு அமுக்கினாள். அது கத்தியது. வெளியே ஒரு கைத்தட்டல் கேட்டது, சுருட்டை. அடுத்து ஒல்லி. அப்புறம் எல்லாரும் தட்டினார்கள்.

"ஏசிக்கு நேரா வைக்காதீங்க அக்கா, சளி பிடிச்சுக்கும்" என்றான் ஒல்லி. அக்கா என்று கூப்பிட்டது அவனுக்கே தெரியவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் எதையோ தேடுகிற மாதிரி கண்ணைத் துடைத்தாள்.

சரி செய்யலாம் என்று திரையைத் திறந்தால், ஏற்கனவே சரியாகியிருந்தது. சுருட்டை எழுதி, ஒல்லி படித்துப் பார்த்து, சட்டப்படி சேர்த்திருந்தார்கள். எண்ணிக்கையைச் சரி செய்ததோடு நிற்கவில்லை. குழந்தை மேல்படுக்கைக்குப் போனால் கூடவே வளர்ந்த ஆள் ஒருத்தரும் போகணும் என்று ஒரு விதியும் இருந்தது. அக்காவுக்கே தோன்றாத விதி. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தாள், கிடைக்கவில்லை.

சுருட்டையை உள்ளே கூப்பிட்டாள்.

"எத்தனை நாளா இதைப் படிக்கிற?"

"நீங்க மீட்டிங்ல இருக்கும்போதெல்லாம்."

"அப்போ முழுக்கப் படிச்சிருப்ப."

"ரெண்டு தடவை" என்றாள் சுருட்டை. சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாள். "ஒண்ணு சொல்லட்டுமாக்கா? நாங்க தினமும் பலகையில இருந்த அந்தச் சீட்டுக்காகக் காத்துட்டே நின்னோம். உங்களைக் கேக்க ஆள் இல்ல. நான் வேற இடத்துல வேலை தேட ஆரம்பிச்சுட்டேன். எழுத்தைப் பெரிசாக்கறதுக்கா நான் இத்தனை படிச்சேன்?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்தாள். அதன் முழி எப்போதும் போலத்தான் இருந்தது. ஊசி போகிற இடம் பார்த்தவள் உலக்கை போகிற இடம் பார்க்கவில்லை. டிக்கெட்டில் புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவளுக்கு, கண்ணெதிரே ஒருத்தி மனசு விட்டுப் போய்க்கொண்டிருந்தது தெரியாமல் போயிற்று.

எழுந்து போய்ப் பலகையிலிருந்த சீட்டை எடுத்தாள். தன் பேரை அடித்துவிட்டுச் சுருட்டையின் பேரை எழுதினாள். திரும்பி வந்து, புரோகிராமில் எழுத யாருக்கெல்லாம் உரிமை உண்டு என்கிற இடத்தைத் திறந்தாள். அதில் முதல் பேர் அவளுடையது.

"அதை ஏன்க்கா எடுக்கறீங்க? அது இருக்கட்டுமே" என்றாள் சுருட்டை.

"இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்."

எடுத்துவிட்டாள். எடுத்தவுடன் லேசாக இருக்கும், பாரம் இறங்கும் என்று கதைகளில் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கை ஒன்று மரத்துப்போன மாதிரி இருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த போனை எடுத்தாள்.

திங்கட்கிழமை சுருட்டையையும் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தார், தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். "என்ன, எங்க மாமியாரை இறக்கி விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் கையெழுத்துப் போட்டார். இதை எழுதினது யார் என்று கேட்டபோது அக்கா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

அதன் பிறகு வேலை நடந்தது. அக்கா மீட்டிங்கில் மீட்டிங்கை மட்டும் பார்த்தாள், மகளின் படத்தை அன்றைக்கன்றே பார்த்தாள், பால் பொங்கவில்லை. ஆனால் கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கண்ணாடி வழியே அவர்கள் விசைப்பலகையில் விரல் ஓட்டுவதைப் பார்க்கும்போது இவள் விரலும் தொடையில் தாளம் போடும். மேஜையில் கோழி உட்கார்ந்திருந்தது. யாரோ அதன் கழுத்தில் பழைய அடையாள அட்டை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். அலுப்பாக இருக்கும்போது அக்கா அதைத் தட்டிக் கொடுப்பாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் வெளியே திடீரென்று எல்லார் தலையும் நிமிர்ந்தது. அந்த நிமிர்வு அக்காவுக்குத் தெரியும். மொத்தமும் படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சுருட்டை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். படித்துப் பார்த்தவர் கண்ணையும் ஏமாற்றிக்கொண்டு ஒரு தப்பு உள்ளே போயிருந்தது.

"அக்கா, என் கோழி."

அக்கா சட்டென்று கோழியின் மேல் கையை வைத்தாள். ஏன் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. எழுதுகிறவர்கள்தான் படுக்க வைக்க முடியும். எழுதாதவள் இனி எதைப் படுக்க வைப்பாள்? இந்த மேஜையை விட்டு ஒரு தடவை இறங்கினால் கோழி திரும்பி வர வழியே இல்லை.

"வேற யாராவது இருக்கும். நல்லா பாரு."

"பாத்துட்டேன்க்கா. என் பேர்தான் இருக்கு." கையை நீட்டினாள். "குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்."

"நீயா எடுத்துட்டுப் போறதா? கொண்டு வந்து வைக்கறதுதான் முறை" என்றாள் அக்கா.

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுருட்டையின் மேஜையில் வைத்து, வழக்கமாக அமுக்குகிறதைவிடக் கொஞ்ச நேரம் கூடவே அமுக்கினாள். அது கத்தி முடித்தது. கை தட்டினார்கள், அக்காவும் தட்டினாள்.

சுருட்டை உட்கார்ந்து திரையை உருட்டத் தொடங்கினாள். அக்காவின் கை தானாகப் பக்கத்து நாற்காலிக்குப் போய், அதன் முதுகைப் பிடித்து இழுத்தது. பாதி இழுத்தபோது நின்றது.

"நுனி கிடைச்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"கிடைக்கும்."

நாற்காலியை இருந்த இடத்துக்கே தள்ளினாள். சுருட்டையின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கோழி இருந்த இடத்தில் மட்டும் மேஜை தூசி இல்லாமல் இருந்தது. போன் அடித்தது. அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.